குடும்ப மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், சித்த மருத்துவர்: மூவரும் பேசிக்கொள்ள வேண்டியது ஏன்?

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் மருத்துவமனையில் கழிக்கும் நாள்கள் சில. வீட்டில் கழிக்கும் நாள்களோ பல. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கீமோதெரபி பெறும் ஒருவர், அந்த 21 நாள்களில் ஓரிரு நாள்களே எங்கள் கண்முன் இருக்கிறார். மற்ற நாள்களில் காய்ச்சல் வந்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், சர்க்கரை ஏறினாலும் அவர் முதலில் செல்வது தெருமுனையில் உள்ள குடும்ப மருத்துவரிடம்தான். அதே காலத்தில் உடல் தேறவேண்டும் என்ற எண்ணத்தில் சித்த மருத்துவரையும் யோகப் பயிற்சியாளரையும் பலர் நாடுகின்றனர். ஆக, ஓர் உடலை மூன்று நான்கு பேர் கவனித்து வருகின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்பதுதான் பெரும்பாலும் நிலைமை.

இவர்கள் அனைவரும் நோயாளியின் நன்மையையே நாடுகின்றனர். ஆயினும், ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரியாமல் போனால் நன்மையே தீங்காக முடியலாம். எந்தச் செய்தி யாரிடமிருந்து யாருக்குச் செல்லவேண்டும், அது விடுபட்டால் என்ன நேரும், அது விடுபடாமல் இருக்க நோயாளியும் குடும்பத்தினரும் என்ன செய்யலாம் என்பதை இந்தப் பாடத்தில் விளக்குகிறோம்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவற்றை விட்டுவிட்டு, அவற்றின் இடத்தில் வேறொரு முறையை மட்டும் மேற்கொள்வது மாற்றுச் சிகிச்சை. மருத்துவமனைச் சிகிச்சையோடு, அதைத் தரும் மருத்துவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, வேறொன்றையும் சேர்த்துக்கொள்வது துணைச் சிகிச்சை. அந்தத் துணைமுறைகளில் சான்று உள்ளவற்றைத் தேர்ந்து, முதன்மைச் சிகிச்சையோடு ஒரே திட்டத்தில் இணைத்து, அனைவரும் அறிய மேற்கொள்வது ஒருங்கிணைந்த சிகிச்சை.

இம்மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடு. மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் ஆகிய உறுப்புகளில் புற்றுநோய் கண்டவர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. மாற்றுச் சிகிச்சையை மட்டுமே மேற்கொண்ட 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு அது ஒப்பிட்டது. முதல் பிரிவினருக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. எனவே, நோயை அழிக்கும் சிகிச்சையை எந்தத் துணைமுறைக்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

துணைமுறைகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. சிகிச்சை முடித்த 410 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை என நான்கு வாரங்கள் மென்மையான யோகப் பயிற்சி செய்தவர்களின் உறக்கம் மேம்பட்டது. கீமோதெரபி பெற்ற 576 பேரை உள்ளடக்கி 2012இல் வெளியான ஆய்வில், வாந்தித் தடுப்பு மருந்தோடு நாளொன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்துக்கொண்டவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவத்துக்கென 2003இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் இணைந்து வலி, மனக்கவலை, களைப்பு ஆகியவற்றுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளன. நம் மாநிலத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. இங்கே துணைமுறைகள் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிய செய்தி முதன்மை மருத்துவரைச் சென்றடைவதுதான் அரிதாக இருக்கிறது.

ஒவ்வொருவரும் அறிந்தது எது?

குடும்ப மருத்துவர் உங்களை இருபது ஆண்டுகளாக அறிந்தவராக இருக்கலாம். எந்த மருந்து உங்களுக்கு ஒவ்வாது, சர்க்கரை எப்போது தொடங்கியது, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார், கட்டணம் கட்ட இயலுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு ஏற்றப்பட்ட கீமோதெரபி மருந்தின் பெயரும், எத்தனையாம் நாளில் வெள்ளணுக்கள் குறையும் என்பதும் எழுத்து வழியே தெரிவிக்கப்பட்டாலன்றி அவருக்குத் தெரிய வழியில்லை.

புற்றுநோய் மருத்துவர் நோயின் நிலையையும் மருந்தின் கணக்கையும் நன்கு அறிவார். நீங்கள் மூட்டுவலிக்காக ஊரில் வாங்கி விழுங்கும் மாத்திரையை நீங்கள் சொன்னாலன்றி அறியார்.

சித்த மருத்துவரும் யோக மருத்துவரும் உணவு, உறக்கம், மூச்சு, மனநிலை ஆகியவற்றை நேரம் ஒதுக்கிக் கேட்டறிகின்றனர். வேறெங்கும் சொல்லாததை நோயாளிகள் அவர்களிடம் சொல்வதும் உண்டு. ஆனால் எலும்பில் நோய் பரவியிருப்பதோ, தட்டணுக்கள் குறைந்திருப்பதோ அவர்களுக்குத் தெரிவிக்கப்படாமல் இருக்கலாம். இவர்கள் ஒவ்வொருவரிடமும் இருப்பது ஒரு துண்டுச் செய்தி. அவற்றை இணைத்தால்தான் முழு உருவம் தெரியும்.

செய்தி விடுபடும் இடங்கள்

எங்கே கவனம் தேவை என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காண்போம்.

காய்ச்சல்: கீமோதெரபி பெற்று ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் வெள்ளணுக்கள் பொதுவாக மிகவும் குறைந்திருக்கும். அந்நாள்களில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் அது அவசர நிலை. இரத்தப் பரிசோதனையும், நரம்பு வழியே செலுத்தும் நோய்நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். இது தெரியாதபோது சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று எண்ணி, பாராசிட்டமால் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொல்வது இயல்பு. பாராசிட்டமால் வெப்பத்தை மறைத்துவிடும். கிருமி இரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும். செய்தி விடுபடுவதால் உயிருக்கு நேரும் ஆபத்துகளுள் முதன்மையானது இதுவே.

சர்க்கரை: வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமையைத் தவிர்க்கவும் கீமோதெரபியோடு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து தரப்படுகிறது. அது சர்க்கரையை ஏற்றும். அந்த ஏற்றம் சில நாள்களுக்கு மட்டுமே என்பது குடும்ப மருத்துவருக்குத் தெரிந்தால் அதற்கேற்ப அளவை மாற்றி, பின்னர் குறைப்பார். தெரியாவிட்டால் இன்சுலினை நிலையாகக் கூட்டிவிடக்கூடும். ஸ்டீராய்டு நின்றபின், நோயாளி சரியாக உண்ணாத நாளில், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை மருந்துக்கடையில் எளிதில் கிடைப்பவை. சிஸ்பிளாட்டின் பெறுபவரின் சிறுநீரகம் ஏற்கெனவே சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இவை மேலும் சுமையேற்றும். மெத்தோட்ரெக்ஸேட் பெறுபவருக்கு அந்த மருந்து உடலை விட்டு வெளியேறுவதை இவை தாமதப்படுத்தக்கூடும். தட்டணுக்கள் குறைந்தவருக்கு இரத்தக்கசிவை ஏற்படுத்தலாம்.

கேஸ் மாத்திரை: நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் ஆகியவற்றை நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் விழுங்கி வருகிறோம். நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் எர்லோட்டினிப் மாத்திரை உட்கிரகிக்கப்பட வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோலோடு சேரும்போது உடலில் சேரும் எர்லோட்டினிப்பின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நோயாளி ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்குவார். பயனோ பாதிதான் கிடைக்கும்.

மனச்சோர்வு மருந்து: டாமோக்சிஃபென் பெறும் பெண்களுக்கு உடல் திடீரெனச் சூடாவதும் மனச்சோர்வும் உண்டாவது வழக்கம். இதற்குப் பராக்ஸெட்டின் தரப்பட்டால், டாமோக்சிஃபென் கல்லீரலில் செயல்வடிவம் பெறுவது தடைப்படுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, இவ்விரண்டையும் நீண்டகாலம் சேர்த்து எடுத்தவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் இறப்பு கூடியதைக் காட்டியது. இத்தடையை ஏற்படுத்தாத வேறு மருந்துகள் உள்ளன. தேவையானது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து: இதய நோய்க்காக வார்ஃபரின் எடுப்பவருக்குக் கேப்பசிட்டபின் மாத்திரை தொடங்கினால் வார்ஃபரினின் வேகம் கூடி இரத்தக்கசிவு ஏற்படலாம். இரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி சோதித்து அளவைத் திருத்த வேண்டும். இச்சோதனையைச் செய்பவர் பெரும்பாலும் உள்ளூர் மருத்துவரே.

'இயற்கைதானே, என்ன செய்துவிடும்?'

இக்கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியை எண்ணிப் பாருங்கள். அச்செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் பெறப்பட்டன. 1950களில் கனடாவில் அதன் இலைச்சாற்றை ஆராய்ந்தவர்கள், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டதே அதற்குத் தொடக்கம். செடியில் வலிமை உண்டு. வலிமை உள்ள பொருளுக்கு அளவும் உண்டு. எதனோடு சேரலாம், எதனோடு சேரக்கூடாது என்ற வரையறையும் உண்டு.

மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்னும் பொருள் இருக்கிறது. 1998இல் பெங்களூருவில் நடந்த ஆய்வில், மஞ்சளின் சத்தான குர்குமினோடு சிறிதளவு பைப்பரின் சேர்த்தபோது இரத்தத்தில் குர்குமின் சேரும் அளவு 20 மடங்கு உயர்ந்தது. மருந்தை வெளியேற்றும் உடலின் வழிகளைப் பைப்பரின் மந்தப்படுத்துவது இதற்குக் காரணங்களுள் ஒன்று. அதே செயல் கீமோதெரபி மருந்தின்மீதும் நிகழலாம் அல்லவா? 2019இல் நெதர்லாந்தில் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், டாமோக்சிஃபென் எடுத்துவந்த பெண்களுக்குக் குர்குமின் மாத்திரை கொடுத்தபோது டாமோக்சிஃபெனின் செயல்வடிவம் இரத்தத்தில் குறைந்தது. பைப்பரின் சேர்த்தபோது மேலும் குறைந்தது. சாம்பாரில் போடும் மஞ்சளையும் இரசத்தில் போடும் மிளகையும் பற்றி அஞ்சவேண்டியதில்லை. சமையல் அளவு வேறு. நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்கும் மாத்திரையின் அளவு வேறு.

சீந்தில் கொடியை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். மத்திய ஆயுஷ் அமைச்சகம் அம்முடிவை மறுத்தது. இவ்விவாதம் எவ்வாறாயினும், கல்லீரலை ஏற்கெனவே சோதிக்கும் கீமோதெரபி நடைபெறும் காலத்தில் சீந்தில் எடுப்பவர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். கல்லீரல் பரிசோதனை முடிவு மாறும்போது காரணம் கீமோதெரபியா, மூலிகையா, நோயா என்று பிரித்தறிய அச்செய்தி தேவை. இல்லையெனில் பயன்தரும் கீமோதெரபி மருந்து காரணமின்றி நிறுத்தப்படலாம்.

வாய்ப்புண்ணுக்கும் இருமலுக்கும் பயன்படும் அதிமதுரத்தைத் தொடர்ந்து மிகுதியாக எடுத்தால் இரத்த அழுத்தம் கூடும்; பொட்டாசியம் குறையும். இரசகந்தி மெழுகு போன்ற, பாதரசம் சேர்ந்த மருந்துகள் சித்த மருத்துவத்தில் நீண்டகாலமாகப் புழக்கத்தில் உள்ளன. சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய கீமோதெரபி நடைபெறும்போது அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதை இரு மருத்துவர்களும் கலந்து பேசியே முடிவுசெய்ய வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் பேதிக்கு எடுத்துக்கொள்வதும், எலும்பில் நோய் பரவியவர் அழுத்தமான தொக்கணம் செய்துகொள்வதும் ஆபத்தானவை. இவற்றைத் தவிர்க்கச் சித்த மருத்துவருக்குத் தேவையானது திறமையன்று, செய்தி. இரத்தப் பரிசோதனைத் தாளையும் ஸ்கேன் அறிக்கையையும் அவரிடம் காட்டினால் அவரே தம் சிகிச்சையை மாற்றி அமைப்பார்.

நோயாளிகள் ஏன் சொல்வதில்லை?

அமெரிக்காவில் 1993இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், வழக்கத்துக்கு மாறான சிகிச்சைகளை மேற்கொண்டவர்களில் 72 விழுக்காட்டினர் அதைத் தம் மருத்துவரிடம் தெரிவிக்கவில்லை என்பது தெரியவந்தது. நம் ஊரிலும் காரணங்கள் புரியாதவை அல்ல. 'டாக்டர் கோபித்துக்கொள்வார்' என்னும் அச்சம் ஒன்று. 'அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை' என்பது மற்றொன்று. 'கஷாயம் மருந்தா என்ன, உணவுதானே' என்னும் எண்ணம் வேறொன்று. உறவினர் ஒருவர் அன்போடு வாங்கிவந்த மருந்தைக் குறை சொல்ல மனம் வராததும் உண்டு.

மருத்துவர்களாகிய எங்கள் கடமை, கேட்பதும் கடிந்துகொள்ளாமல் கேட்பதும் ஆகும். உங்கள் கடமை, கேட்கும்வரை காத்திராமல் சொல்வது. இவ்வாறு தொடங்கினால் போதும்: 'ஐயா, ஊரில் ஒரு சித்த மருத்துவரிடமும் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். பெயர் சொல்லத் தெரியவில்லை. டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள்.' இந்த ஒரு சொல்லில் பல ஆபத்துகள் விலகும்.

ஒரே இரவு, இரு முடிவுகள்

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். செய்யாறு அருகே ஒரு கிராமத்தில் வாழும் 54 வயது அம்மையார், சர்க்கரை நோயாளி. மார்பகப் புற்றுநோய்க்காக மாதத்தின் 4ஆம் தேதி இரண்டாம் சுற்றுக் கீமோதெரபி பெற்று வீடு திரும்புகிறார். 13ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் குளிர் எடுக்கிறது. வெப்பம் 101 டிகிரி. மகன் அவரைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்.

கையில் தாள் எதுவும் இல்லையென்றால் மருத்துவர் காண்பது காய்ச்சலோடு வந்த ஒரு சர்க்கரை நோயாளியை. 'பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ ஊசி போட்டார்கள்' என்ற சொல்லைக் கொண்டு அவர் எதையும் கணிக்க முடியாது. மாத்திரை கொடுத்து, காலையில் பார்க்கலாம் என்பார். அந்த இரவு நீண்டதாக இருக்கும்.

கையில் பின்வருமாறு ஒரு தாள் இருந்தால் நிலைமை வேறு:

'மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நோயாளிக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகியவற்றின் இரண்டாம் சுற்று 4ஆம் தேதி அளிக்கப்பட்டது. அடுத்த சுற்று 25ஆம் தேதி. 11 முதல் 18ஆம் தேதி வரை வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கக்கூடும். இந்நாள்களில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் தாமதமின்றி இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, நரம்பு வழி மருந்து தொடங்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவைத்து, எங்கள் அவசர எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். டெக்ஸாமெத்தசோன் 7ஆம் தேதியோடு நிறைவுற்றது. சர்க்கரை மருந்தின் அளவைத் தாங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டுகிறோம். சித்த மருத்துவரின் ஆலோசனைப்படி மூச்சுப் பயிற்சி மட்டும் செய்துவருகிறார். உள்மருந்து எதுவும் இல்லை.'

இதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். குடும்ப மருத்துவர் தொலைபேசியை எடுக்கிறார். அரசு மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புகிறார். ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து ஏறத் தொடங்குகிறது. இரு நிலைகளிலும் மருத்துவர் ஒருவரே. அவருடைய அறிவும் அக்கறையும் ஒன்றே. வேறுபாடு ஒரு தாள் மட்டுமே.

எந்தத் தாளில் என்ன இருக்கவேண்டும்?

புற்றுநோய் மருத்துவரிடமிருந்து குடும்ப மருத்துவருக்கு: நோயின் பெயரும் நிலையும், மருந்துகளின் பெயர், அளித்த தேதி, அடுத்த தேதி, எதிர்பார்க்கக்கூடிய பக்கவிளைவுகள், தவிர்க்கவேண்டிய மருந்துகள், எந்த அறிகுறி கண்டால் உடனே அனுப்பவேண்டும் என்பது, இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண், சிகிச்சையின் நோக்கம் நோயை முற்றிலும் நீக்குவதா, கட்டுப்படுத்துவதா என்பது.

குடும்ப மருத்துவரிடமிருந்து புற்றுநோய் மருத்துவருக்கு: பிற நோய்களும் அவற்றுக்கான எல்லா மருந்துகளும் அளவோடு, ஒவ்வாமை, அண்மைய இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள், இடைக்காலத்தில் தாம் அளித்த மருந்துகள், வீட்டுச் சூழல்.

ஒருங்கிணைந்த சிகிச்சை அளிப்பவரிடமிருந்து இருவருக்கும்: மருந்தின் பெயரும் சேர்க்கைப் பொருள்களும், பற்பம், செந்தூரம் போன்றவை உள்ளனவா என்பது, அளவும் தொடங்கிய நாளும், எந்தக் குறைக்காக அளிக்கப்படுகிறது என்பது, யோகம், அக்குபங்சர், தொக்கணம் போன்றவற்றின் விவரம். 'சூரணம் தினம் இருவேளை' என்று மட்டும் எழுதினால் மற்றவர்களுக்கு அதனால் பயன் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

1. ஒரே நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் நோய், ஒவ்வாமை, மருத்துவர்கள் மூவரின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் தேதியோடு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

2. வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மாத்திரை, டானிக், சூரணம், லேகியம், புரதப் பொடி எதையும் விலக்க வேண்டாம். சீட்டு இல்லாத பொட்டலமாக இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

3. குடும்பத்தில் ஒருவர் செய்திப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். மகன் ஒருநாள், மருமகள் ஒருநாள், அண்ணன் ஒருநாள் என மாறி மாறி வந்தால் செய்தி சிதறும். அவ்வாறு வரநேர்ந்தால் நோட்டுப் புத்தகம் உடன் வரட்டும்.

4. அறிக்கைகளை வாட்ஸ்அப்பில் ஒளிப்படமாக வைத்திருப்பது நல்லது. எனினும் தாள் பிரதியும் வேண்டும். நள்ளிரவில் அலைபேசி அணைந்துபோகலாம்.

5. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டுப் பெறுங்கள். மருத்துவ ஆவணங்களை நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அளிக்கவேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. கேட்பது உங்கள் உரிமை. அதில் தயக்கம் வேண்டாம்.

6. புதிய மருந்தோ மூலிகையோ தொடங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது என் கீமோதெரபியோடு சேருமா? என் புற்றுநோய் மருத்துவரிடம் நீங்கள் பேசமுடியுமா?' 'அவரிடம் சொல்லவேண்டாம்' என்று யாரேனும் கூறினால், அதையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

7. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் எல்லா மூலிகை மருந்துகளையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவற்றை முன்கூட்டியே நிறுத்தவேண்டியிருக்கும்.

8. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். பட்டியலோடு வாருங்கள், சேர்ந்து முடிவுசெய்வோம்.

சிகிச்சை முடிந்த பின்னும்

கடைசிச் சுற்று முடிந்ததும் பலர் எல்லாத் தாள்களையும் பரணில் ஏற்றிவிடுகின்றனர். உண்மையில் அதன்பிறகுதான் குடும்ப மருத்துவரின் பங்கு பெருகுகிறது. டாக்ஸோரூபிசின் பெற்றவரின் இதயத்தைப் பின்னாளிலும் கவனிக்கவேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம். ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்கும்போதோ களைப்பு மேலிடும்போதோ, முன்பு பெற்ற சிகிச்சையின் சுருக்கம் கையில் இருந்தால் காரணத்தை விரைந்து கண்டறியலாம்.

நோயை நீக்க இயலாத நிலையில் இந்தத் தொடர்பு இன்னும் தேவையாகிறது. மார்ஃபின் மாத்திரை பெறுபவருக்கு மலச்சிக்கலைத் தடுக்கும் மருந்தும் உடன் வேண்டும் என்பதை உள்ளூர் மருத்துவர் அறிந்திருந்தால், நீண்ட பயணம் ஒன்று மிச்சமாகும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து தருகின்றனர். வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடங்கும். அவர்கள் வரும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தை அவர்களிடமும் காட்டுங்கள்.

படித்ததை எண்ணிப் பார்ப்போம்

கீமோதெரபி பெற்ற பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? (வெப்பத்தை அளந்து, உடனே மருத்துவமனை எண்ணை அழைக்கவேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.)

சமையல் மஞ்சளுக்கும் குர்குமின் மாத்திரைக்கும் என்ன வேறுபாடு? (அளவு. மாத்திரை எனில் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும்.)

சித்த மருத்துவரிடம் செல்லும்போது எவற்றைக் கொண்டுசெல்லவேண்டும்? (அண்மைய இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கை, கீமோதெரபி மருந்துகளின் பெயரும் தேதிகளும்.)

உங்கள் குடும்ப மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எங்கள் கோப்பில் உள்ளனவா? (இதற்கான விடையை நீங்களே பார்த்துச் சொல்லவேண்டும்.)

அந்த நான்காம் கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், அடுத்த முறை வரும்போது பதிவுப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியவற்றை நாங்கள் பேசிக்கொள்கிறோம். யாரோடு பேசவேண்டும் என்பதை நீங்கள் எங்களுக்குச் சொல்லுங்கள்.